மிச்சம் வைத்த வலு

முற்றாகப் பழுதாகிவிட்ட இயந்திரம் நம்மை அதிகம் சிந்திக்க வைப்பதில்லை. நின்றுவிட்டது, மாற்ற வேண்டும், அவ்வளவுதான். இடையிடையே மட்டும் தவறி, மற்ற வேளைகளில் ஒரு குறையுமின்றி ஓடுகிற இயந்திரமே மனத்தைப் பிடித்துக்கொள்கிறது. நேற்று இரவு முழுவதும் தடையின்றி ஓடிய விளையாட்டு இன்று பத்தாவது நிமிடத்தில் உறைந்துபோகிறது. நீலத் திரை ஒன்று தோன்றி மறைகிறது. மீண்டும் இயக்கினால் எதுவுமே நடவாததுபோலக் கணினி எழுந்து நிற்கிறது. உரிய வேகத்துக்கு மேல் ஓட்டப்படும், அதாவது ஓவர்குளொக் செய்யப்பட்ட, கணினியை வைத்திருக்கும் எவரும் இந்த அலைக்கழிவை அறிவர். பழுது இருக்கிறது என்று தெரிகிறது. எங்கே இருக்கிறது என்பதுதான் தெரிவதில்லை. நம் வாழ்வின் பெரும்பாலான பழுதுகளும் இந்த வகையைச் சேர்ந்தவை என்பதால், ஒரு விளையாட்டுக் கணினியின் முன்னால் சற்று நின்று யோசிப்பது வீண்வேலை ஆகாது.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இத்தகைய கணினி பெரும்பாலும் ஒரே நாளில் ஒரே கடையிலிருந்து வந்ததாக இராது. மதர்போட் கொழும்பிலிருந்து பஸ்ஸில் வந்திருக்கும். கிராபிக்ஸ் அட்டையைத் திருவிழாவுக்கு வந்த கனடா மாமா பயணப்பெட்டிக்குள் உடுப்புகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்திருப்பார். பவர் சப்ளை பழைய கணினியிலிருந்து கழற்றியதாக இருக்கும். இப்படிச் சேர்ந்த பாகங்களை ஒன்றாக்கி, யூரியூப்பில் எவரோ சொன்ன எண்களைப் பயோஸில் பதித்து, அது விண்டோஸ் வரை ஒருமுறை எழுந்துவிட்டால் அந்தப் பிள்ளையின் முகத்தில் தோன்றும் பெருமிதத்தை நாம் இளக்காரமாகப் பார்க்க வேண்டியதில்லை. கொடுக்கப்பட்டதை அப்படியே ஏற்காமல் அதற்கு மேலும் ஒரு படி ஏற விரும்புவது இளமையின் இயல்பு. இத்தனை நூற்றாண்டுகளாக மனிதர் செய்துவருவதும் அதுவே.

அந்தக் கணினி நிற்கத் தொடங்கியதும் இங்கு முதலில் எழும் பேச்சு ஒன்றுதான்: கரண்ட் சரியில்லை. இந்தப் பேச்சுக்கு வரலாற்று நியாயம் உண்டு. 1990இல் குடாநாடு தேசிய மின்வலையமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்டது. ஒரு தலைமுறை மண்ணெண்ணெய் விளக்கில் படித்தது. போர் முடிந்து சில ஆண்டுகள் சென்ற பின்னரே கிளிநொச்சியிலிருந்து சுன்னாகம் வரை உயரழுத்தக் கம்பிகள் வந்து சேர்ந்தன. 2022இன் பொருளாதார நெருக்கடியில் நாடு முழுவதும் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டைக் கண்டது. ஆகவே எது நின்றுபோனாலும் மின்சாரத்தைக் குற்றம் சொல்வது நம் நாவுக்குப் பழகிய பாடம்.

பழகிய காரணம் உண்மையான காரணமாக இருக்க வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை. நல்ல பவர் சப்ளை, 230 வோல்ற் சற்றே தாழ்ந்தாலும் உயர்ந்தாலும் அதைத் தானே சமாளித்து, உள்ளே சீராகக் கொடுக்கிறது. மின்சாரம் முற்றாக அறுந்தாலும் ஏறத்தாழ 16 மில்லிசெக்கன் தாங்கிப் பிடிக்கிறது. நம் மின்னோட்டத்தின் ஓர் அலையோ 20 மில்லிசெக்கன் நீளமானது. ஒரே ஓர் அலை தவறினாலும் கணினி நின்றுவிடக்கூடும் என்பது உண்மைதான். ஆனால் அப்படி நிற்பது சட்டென்று இருண்டு நிற்பதாகவே இருக்கும். விளையாட்டு மட்டும் தானாக மூடிக்கொள்வது, ஒலி திக்கித் திக்கி உறைவது, சுருக்கி வைத்த கோப்பு விரிய மறுப்பது இவையெல்லாம் தெருவிலுள்ள கம்பியிலிருந்து வருபவை அல்ல. உள்ளிருந்து வருபவை. குற்றத்தைச் சுமக்க ஆயத்தமாக ஒரு வெளிக்காரணம் எப்போதும் வாசலில் நிற்கும் ஊரில், உள்ளே தேடும் பழக்கம் தாமதமாகவே வருகிறது. நம் குடும்பங்களையும் சங்கங்களையும் சபைகளையும் ஒருமுறை நினைத்துப் பார்க்கும் எவரும் இதை ஒப்புவர்.

கணினி திருத்தும் கடைகளில் இதன் பின் நடக்கும் உரையாடல் ஏறக்குறைய ஒரே மாதிரியானது.

"அண்ணை, கேம் விளையாடேக்க நிண்டு நிண்டு போகுது."

"என்ன தம்பி, ஏதும் ஏத்தி வைச்சிருக்கிறீரோ?"

"கொஞ்சம்தான் அண்ணை."

"அப்ப முதல்ல எல்லாத்தையும் டிபோல்ற்றுக்குக் கொண்டு வாரும். பிறகு பாப்பம்."

இந்த அறிவுரையை ஏற்பது எவ்வளவு கடினம் என்பது அதைக் கேட்டுத் தயங்கியவர்களுக்குத்தான் தெரியும். ஏறிய ஒவ்வொரு படியும் உழைத்துப் பெற்றது. எல்லாவற்றையும் விட்டுத் தொடக்கத்துக்குத் திரும்புவது தோல்வியை ஒப்புக்கொள்வதுபோல் தோன்றுகிறது. ஆகவே நாம் இடையில் நின்றுகொண்டு ஒன்றைக் கூட்டுகிறோம், இன்னொன்றைக் குறைக்கிறோம், மெமரியை மாற்றிச் செருகுகிறோம், டிரைவரைப் புதுப்பிக்கிறோம். எல்லாம் ஒரே மாலையில். கணினி அதன் பின் நின்றாலும் நிற்காவிட்டாலும் நாம் எதையும் கற்றுக்கொள்வதில்லை, ஏனெனில் எந்த மாற்றம் எந்த விளைவைத் தந்தது என்பதை இனிப் பிரித்தறிய வழியில்லை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது, பின்பு காத்திருப்பது, காத்திருந்து கண்டதை அப்படியே ஏற்பது: அறிவியல் என்று நாம் பெரிதாகப் பேசும் அனைத்துக்கும் அடியில் இருப்பது இந்த ஒழுக்கம்தான். அதற்கு வேண்டிய அறிவு சிறிது, பொறுமைதான் பெரிது.

டிபோல்ற் எனப்படும் அந்த ஆரம்ப நிலையை நாம் தாழ்வாக எண்ணுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. தயாரிப்பாளர் நமக்கு உரிய வலுவில் ஒரு பகுதியை ஒளித்து வைத்திருக்கிறார் என்ற எண்ணம் அது. உண்மையில் ஒரு சிலிக்கன் சில்லுக்கு வேகம் நிர்ணயிக்கும்போது, அது ஆய்வுகூடத்தில் எட்டிய உச்சத்துக்குச் சற்றுக் கீழேதான் கோடு போடப்படுகிறது. வெப்பம் கூடும் நாளுக்காக ஒரு பங்கு, மின்னழுத்தம் நொடியில் சரியும் தருணத்துக்காக ஒரு பங்கு, ஆண்டுகள் செல்லச் செல்ல திரான்சிஸ்டர்கள் தளர்ந்துபோவதற்காக ஒரு பங்கு என்று மிச்சம் விடப்படுகிறது. ஓவர்குளொக் செய்பவர் புதிதாக எந்த வலுவையும் உண்டாக்குவதில்லை. எதிர்காலத்துக்கென்று ஒதுக்கியிருந்ததை இன்றே எடுத்துச் செலவழிக்கிறார்.

அந்த மிச்சம் எல்லா ஊருக்கும் ஒரே அளவானதும் அல்ல. குளிர்நாட்டில், 20 பாகை அறையில் இருந்துகொண்டு ஒருவர் சொன்ன எண், யாழ்ப்பாணத்துக் கோடைப் பிற்பகலில், 32 பாகை வெப்பத்தில், கடற்காற்றின் உப்பும் செம்மண் தூசியும் படிந்த விசிறியோடு ஓடும் கணினிக்குப் பொருந்துவது அரிது. அறையில் கூடிய 12 பாகையும் ஏறக்குறைய அப்படியே சில்லின் மேல் ஏறிவிடும். அதற்கும் மேலாக, ஒரே தொழிற்சாலையில், ஒரே பெயரில், ஒரே விலைக்கு வந்த இரு சில்லுகள்கூட ஒன்றைப்போல் மற்றது இராது. ஒன்று தாங்கும் வேகத்தை மற்றது தாங்காது. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் புள்ளிகளைக் காட்டித் தம் பிள்ளையை ரியூஷனுக்கு மேல் ரியூஷனுக்கு அனுப்பும் பெற்றோர் நிறைந்த ஊர் இது. ஒருவரின் எல்லையை இன்னொருவரிடமிருந்து இரவல் வாங்க முடியாது என்பதை ஒரு சில்லு சொன்னாலாவது நாம் கேட்கலாம்.

செலவின் கணக்கையும் பார்க்க வேண்டும். சில்லு உண்ணும் வலு, வேகத்தோடு நேர்விகிதத்திலும் மின்னழுத்தத்தோடு இருமடி விகிதத்திலும் ஏறுகிறது. வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு கூட்டுவதற்காக மின்னழுத்தத்தையும் பத்தில் ஒரு பங்கு கூட்டினால், வெப்பம் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். கடைசிப் படிகளில் விகிதம் இன்னும் மோசம். கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆதாயத்துக்காக, கைக்கு நன்றாகத் தெரியும் ஒரு சூட்டை வாங்குகிறோம்.

சரி, எல்லையை எப்படி அறிவது? இதற்கென்றே, கணினியை இடைவிடாமல் வாட்டிப் பார்க்கும் சோதனைகள் உள்ளன. அவற்றுள் பெயர்பெற்ற பிரைம் 95, கணினியைச் சோதிப்பதற்காக எழுதப்பட்டதே அல்ல. 1996இல் ஜோர்ஜ் வோல்ற்மன், மெர்சென் எனப்படும் வகைப் பகாஎண்களைத் தேடுவதற்காக அதை எழுதினார். விடை முன்பே தெரிந்த மாபெரும் பெருக்கல்களைக் கணினியிடம் கொடுத்து, திரும்பி வரும் விடையை ஒப்பிட்டுப் பார்க்கும் ஏற்பாடு அதற்குள் இருந்ததால், ஓவர்குளொக் செய்பவர்கள் அதைத் தமக்கு எடுத்துக்கொண்டனர். (புளோரிடாவைச் சேர்ந்த பற்றிக் லரோஷ், தாம் பூட்டிய கணினிகள் உறுதியாக ஓடுகின்றனவா என்று பார்க்கவே ஆண்டுக்கணக்கில் அந்த மென்பொருளைப் பயன்படுத்தி வந்தார். 2018 டிசம்பரில் அது அவருக்கு 2,48,62,048 இலக்கங்கள் கொண்ட, அன்றைக்கு உலகில் அறியப்பட்ட மிகப் பெரிய பகாஎண்ணைக் கண்டுபிடித்துக் கொடுத்தது. உறுதியைத் தேடியவருக்கு உண்மை அகப்பட்டது என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் அவருடைய கணினி பிழையின்றி ஓடியது என்பதே அதற்குள் இருக்கும் செய்தி.)

சோதனை முழு இரவு ஓடிப் பிழையின்றி முடிந்தால், கணினி உறுதியானது என்று அறிவிக்கிறோம். கண்டிப்பாகச் சொன்னால் அப்படி எதுவும் நிரூபிக்கப்படவில்லை. அந்த இரவில், அந்த வெப்பத்தில், அந்தக் கேள்விகளுக்கு அது தவறவில்லை; அவ்வளவே. தவறு ஒன்றைக் கண்டால் உறுதியின்மை நிரூபணமாகிறது, தவறு காணாவிட்டால் உறுதி நிரூபணமாவதில்லை. மனிதர்களை நம்புவதிலும் நாம் இதே சமனற்ற தராசைத்தான் வைத்திருக்கிறோம்.

இதில் நம் ஊகத்துக்கு நேர் எதிரான ஒரு வகைப் பழுது உண்டு. கடுமையான சோதனைகளையெல்லாம் மணிக்கணக்கில் தாங்கிய கணினி, அதன்பின் எந்த வேலையும் இல்லாமல் சும்மா கிடக்கும்போது, திரையில் ஒரு பக்கத்தை வாசித்துக்கொண்டிருக்கும்போது, திடீரென்று விழுந்துவிடும். பாரம் முழுவதும் ஏறியிருக்கையில் புரொசஸரின் கோர் எனப்படும் கருக்கள் எல்லாம் ஒரே சீரான, சற்றுத் தாழ்ந்த வேகத்தில் ஓடும். ஓய்வில் அப்படியில்லை: ஒரு கரு மட்டும் கணப்பொழுது விழித்து, எல்லாவற்றிலும் உயர்ந்த வேகத்துக்குத் தாவி, மீண்டும் உறங்கும். மின்னழுத்தம் அந்தத் தாவலோடு உடன் ஏற வேண்டும், உடன் இறங்க வேண்டும். அதற்கு வேண்டிய மிச்சத்தை நாம் குறைத்து வைத்திருந்தால், அந்த மாறும் கணத்தில்தான் அது அகப்படுகிறது. பாரத்தைத் தாங்குவது ஒரு வலு. பாரம் மாறுவதைத் தாங்குவது இன்னொரு வலு. முன்னதைச் சோதித்துவிட்டுப் பின்னதும் இருக்கிறது என்று கொள்வது நம் பொதுவான மயக்கம்.

2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் இருண்டதை இங்கு நினைக்க வேண்டும். அது ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல். பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு ஒன்று மின்மாற்றியில் பட்டதாக மின்சக்தி அமைச்சர் சொன்னார், நாடே சிரித்தது. சிரிப்புக்குப் பின்னால் இருந்த விளக்கம் நகைப்புக்குரியது அன்று. அன்று விடுமுறை நாள், மின் தேவை குறைவு, வெயில் மிகுதி. கூரைகளிலிருந்து வந்த சூரிய மின்சாரம் பெரும் பங்கை நிரப்பியிருந்தது. ஆகவே அதிர்ச்சி ஒன்று வரும்போது அதைச் சில செக்கன்கள் தாங்கிப் பிடிக்கும் கனத்த சுழற்பொறிகள் வலையமைப்பில் குறைவாகவே ஓடிக்கொண்டிருந்தன. ஒரு சிறு இடறலே போதுமானதாயிற்று. காங்கேசன்துறை வரை எல்லா வீட்டிலும் விசிறி நின்றது. தட்டுப்பாட்டின் நாளில் விழாத வலையமைப்பு, மின்சாரம் மிகுந்து வழிந்த அமைதியான நாளில் விழுந்தது. அதன்பின் ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் பகல் வேளையில் கூரைச் சூரிய மின்கலங்களை நிறுத்தி வைக்கும்படி மக்களிடம் கேட்கப்பட்டது. பயன்படுத்தாமல் விட்டிருக்கும் வலுவுக்கும் ஒரு பயன் உண்டு என்பதை ஒரு நாடு இவ்வளவு வெளிப்படையாகக் கற்றது அரிது.

விழுந்து நிற்கும் இயந்திரம் குறைந்தபட்சம் நேர்மையானது. அதைவிட ஆழமான கலக்கத்தைத் தருவது, நில்லாமல் ஓடிக்கொண்டே தவறு செய்யும் இயந்திரம். விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டைத் திறந்து பார்ப்பவர் சில வேளை ஒரு வரியைக் காண்பார்: வன்பொருள் பிழை ஒன்று நேர்ந்தது, திருத்தப்பட்டது. விளையாட்டில் எந்தத் தடங்கலும் தெரிந்திராது. இயந்திரம் தன் தவறைத் தானே கண்டு, தானே திருத்தி, எவரும் வாசிக்காத ஓர் ஏட்டில் எழுதி வைத்திருக்கிறது. அந்த வரிகள் ஒன்று பத்தாகும்போதும் திரையில் ஒன்றும் தெரியாது. நிறைய நாள் மௌனமாகப் பொறுத்துக்கொண்ட ஒருவர் ஒருநாள் உடைந்து நிற்கும்போது நாம் திடீரென்று நடந்துவிட்டது என்கிறோம். திடீரென்று நடந்தது நமக்குத்தான்.

2023, 2024ஆம் ஆண்டுகளில் இன்டெல்லின் 13ஆம், 14ஆம் தலைமுறைப் புரொசஸர்களில் நேர்ந்தது இந்தப் பாடத்தின் பெரும் பதிப்பு. 6 கிகாஹேர்ட்ஸையும் எட்டிய உயர்வகைச் சில்லுகள் அவற்றில் இருந்தன. அன்ரியல் எஞ்சினில் எழுதப்பட்ட விளையாட்டுகள் அவற்றில் தொடக்கத்திலேயே விழுந்தன. திரையில் தோன்றிய குற்றச்சாட்டு: கிராபிக்ஸ் மெமரி போதவில்லை. பலர் நல்ல நிலையில் இருந்த கிராபிக்ஸ் அட்டைகளைச் சந்தேகித்தனர், கழற்றினர், மாற்றினர். குற்றம் அங்கு இருக்கவில்லை. சுருக்கி வைத்த தரவை விரிக்கும் கணக்கைப் புரொசஸர் தவறாகப் போட்டது. தரவை விரிக்கும்போதே சரிபார்க்கும் மென்பொருட்பகுதி அந்தத் தவறை முதலில் கண்டது. அதன் முறைப்பாடு சங்கிலியில் ஏறி வரும்போது வேறொரு பெயரைச் சூடிக்கொண்டது. வேகத்தை நிர்ணயிக்கும் பெருக்கியை 55இலிருந்து 53க்கு இறக்கியபோது பல கணினிகள் அமைதியடைந்தன. கூச்சலிட்ட இடம் வேறு, குற்றம் நடந்த இடம் வேறு என்பதை நம் வழக்காடு மன்றங்களும் பாடசாலைகளும் வீடுகளும் எத்தனை முறை மறந்திருக்கின்றன என்று எண்ணிப் பார்க்கையில், அந்தப் பிழைச்செய்தியைத் தொழில்நுட்பக் குறை என்று மட்டும் கடந்துபோக மனம் வருவதில்லை.

இவற்றுட் பலவற்றை எவரும் ஓவர்குளொக் செய்திருக்கவில்லை. 2024 செப்டெம்பரில் இன்டெல் சொன்ன காரணம் இது: உயர்ந்த மின்னழுத்தத்திலும் வெப்பத்திலும் கருவுக்குள் இருக்கும் கடிகாரச் சுற்று வேகமாக முதுமையடைந்தது. அதனால், அது தவறாமல் ஓடுவதற்கு வேண்டிய குறைந்தபட்ச மின்னழுத்தம் மேலே நகர்ந்தது. தேவை ஏறிக்கொண்டே வந்து, வைத்திருந்த மிச்சத்தை ஒருநாள் தாண்டிவிட்டது. மதர்போட் தயாரிப்பாளர்கள் தாராளமாக விட்டிருந்த வரம்புகளும் அதற்கு உதவின. இதற்கும் ஒரு முன்வரலாறு இருக்கிறது. 1998இல் வந்த செலரொன் 300ஏ என்ற மலிவான சில்லை, அதன் இணைப்பு வேகத்தை 66இலிருந்து 100 மெகாஹேர்ட்ஸுக்கு மாற்றி, 300இலிருந்து 450க்கு ஓட்டினார்கள். பெரும்பாலும் அது தாங்கியது. தயாரிப்பாளர் விட்டு வைத்திருந்த மிச்சம் அன்று அவ்வளவு பெரியது. இன்று சில்லுகள் பெட்டியிலிருந்து வரும்போதே தம் எல்லையைத் தாமே தேடி ஏறும்படி ஆக்கப்பட்டிருக்கின்றன. போட்டிச் சந்தையில் மிச்சம் மிகக் குறைவாகவே விடப்படுகிறது. முன்பு நாம் விளையாட்டாகச் செய்ததைத் தயாரிப்பாளரே தொழிலாகச் செய்யத் தொடங்கிவிட்ட காலம் இது.

செலரொன் காலத்துக்குச் சில ஆண்டுகள் முன்பு, அதே தொண்ணூறுகளில், இந்தக் குடாநாட்டின் மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. பெற்றோல் வர வழியில்லாத பொருளாதாரத் தடையில், சில துளி பெற்றோலை விட்டு இயந்திரத்தை எழுப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். எல்லையை மீறி ஓட்டுவது இந்த மண்ணுக்குப் புதிதன்று. ஒரு வேறுபாடு மட்டும் குறித்துக்கொள்ளத் தக்கது. மண்ணெண்ணெயில் ஓட்டியவர், தாம் இயந்திரத்தின் ஆயுளைத் தின்கிறோம் என்று அறிந்தே ஓட்டினார். அதன் ஓசையில் காதை வைத்திருந்தார். அது இடையில் நிற்கும் என்று எதிர்பார்த்தே புறப்பட்டார். அவர் அதை நம்பவில்லை, தேவைக்காகப் பயன்படுத்தினார். நாமோ எல்லை கடந்த ஒன்றை முழுமையாக நம்பி, அதற்குள் நம் வேலைகளையும் நினைவுகளையும் சேமிக்கிறோம்.

2021இல், இன்று மெற்றா எனப்படும் பேஸ்புக் நிறுவனத்தின் பொறியியலாளர்கள் வெளியிட்ட ஆய்வொன்றில் ஒரு சிறு கணக்கு வருகிறது. 1.1 என்ற எண்ணின் 53ஆம் அடுக்கைக் கண்டு முழுஎண்ணாக்கினால் 156 வர வேண்டும். அவர்களுடைய சேவையகம் ஒன்றில், ஒரே ஒரு கரு மட்டும், அந்தக் கேள்விக்குப் பூச்சியம் என்று விடை சொன்னது. மற்றக் கணக்குகளில் பெரும்பாலும் சரியாகவே இருந்தது. சுருக்கிய கோப்பை விரிக்கும்போது இப்படி அதன் அளவு பூச்சியம் என்று வந்ததால், அந்தக் கோப்பு எழுதப்படாமலே போனது. நீலத் திரை இல்லை, எச்சரிக்கை இல்லை, திருத்திய பிழை என்ற பதிவும் இல்லை. அந்தக் கரு தான் தவறு செய்வதை அறியாமல், தயக்கமின்றி, சரியான விடையைச் சொல்லும் அதே குரலில் தவறான விடையைச் சொன்னது. ஓவர்குளொக் செய்யாத ஓர் இயந்திரத்துக்கே இது நேரும் என்றால், மிச்சம் முழுவதையும் செலவழித்துவிட்ட ஓர் இயந்திரத்தின் வார்த்தையை எந்த அளவுக்கு நம்பலாம் என்பது நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி. ஏனெனில் ஒரு சுற்றில் பூச்சியத்துக்கும் ஒன்றுக்கும் இடையே உள்ள வேறுபாடு, உரிய மின்னழுத்தம் உரிய நேரத்துக்குள் வந்து சேர்கிறதா என்பதில் தங்கியிருக்கிறது. அந்த நேரத்தைச் சுருக்கச் சுருக்க நாம் குறைப்பது காத்திருப்பை மட்டுமல்ல, ஒன்று ஒன்றாகவும் பூச்சியம் பூச்சியமாகவும் இருப்பதற்கான அவகாசத்தையும்தான். ஆகவே சும்மா கிடப்பதுபோல் தோன்றிய அந்த இடைவெளிதான், வேகம் என்ற பெயரில் நாம் போற்றும் அனைத்தையும் பொருளுள்ளதாக வைத்திருந்தது.

குடாநாட்டின் கிணற்று நீர் இதே கணக்கில்தான் நிற்கிறது. நமக்கு வற்றாத ஆறு இல்லை. சுண்ணக்கல்லுக்குள் மழைநீர் இறங்கி, கனத்த கடல்நீரின் மேல் ஒரு மெல்லிய வில்லையாக மிதக்கிறது. நிலாவரையில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பதை நாம் சிறுவயதிலேயே கேட்டு வளர்ந்தோம். கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீற்றர் நன்னீர் நின்றால், அதற்குக் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் நன்னீர் தாங்கி நிற்கும் என்பது, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஓர் ஒல்லாந்தரும் பின்னர் ஒரு ஜேர்மானியரும் தனித்தனியே கண்ட விதி. மறுதலையாகப் பார்த்தால் அது அச்சமூட்டுவது: மேலே ஒரு மீற்றரை இறைத்துத் தாழ்த்தினால், காலப்போக்கில் அடியிலிருந்து உப்பு 40 மீற்றர் ஏறி வர முடியும். துலா மிதித்து இறைத்த காலத்தில் மனிதனின் களைப்பே கிணற்றுக்குக் காவலாயிருந்தது. இயந்திரப் பம்பிக்குக் களைப்பில்லை. நீர் வற்றியிருந்தால் நாம் கண்டிருப்போம். அது வற்றவில்லை, அதே அளவில், அதே தெளிவில், உவராக மாறியது. பம்பியை நிறுத்திய மறுநாள் அது நன்னீராகிவிடுவதும் இல்லை.

இன்டெல் வெளியிட்ட திருத்தமும் அவ்வாறே. மின்னழுத்தத்துக்கு வரம்பு கட்டிய அந்தப் புதிய மைக்ரோகோட், இன்னும் கெடாத சில்லுகளைக் காக்கும். ஏற்கனவே முதுமையடைந்தவற்றை அது இளமையாக்காது. அதனாலேயே நிறுவனம் அவற்றின் உத்தரவாதத்தை மேலும் இரண்டு ஆண்டுகள் நீட்டியது.

ஆகவே குடாநாட்டின் இளையோருக்கு ஒரு வேண்டுகோள். ஏறிப் பாருங்கள், ஏற வேண்டாம் என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. ஆனால் நள்ளிரவுக் குளிரில் எட்டிய எண்ணை உங்கள் கணினியின் வேகம் என்று எவருக்கும் சொல்லாதீர்கள். சித்திரை மாதத்துப் பிற்பகல் இரண்டு மணிக்கு, கதவு சாத்திய அறையில், எந்த வேகத்தில் அது ஒரு கணக்கையும் தவறவிடாமல் ஓடுகிறதோ, அதிலிருந்தும் ஒரு படி இறக்கி, அங்கே நிறுத்துங்கள்.